வாய் காலியா, அடைப்பா? கதைமாந்தரும் கையில் இருக்கும் வாத்தியமும்

கேள்வி (வாசகர் ஒருவர்), 8 ஜனவரி 2023

கதையிலும் சினிமாவிலும் வாத்தியத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம் என்பது என் கட்சி. நாதஸ்வரம் என்றால் முன்கோபி. வீணை என்றால் அடக்கமான பெண். புல்லாங்குழல் என்றால் காதலன். தவில் என்றால் சாப்பாட்டு ராமன். எழுதுகிறவர்கள் வாத்தியத்தின் ஓசையைக் கேட்டு, அதே குணத்தை ஆளுக்கு ஒட்டிவிடுகிறார்கள். இதற்கு மாறாக ஓர் ஆளைக் காட்டுங்கள் பார்க்கலாம்.

8 ஜனவரி, இரவு

இராவணன். கொடியிலேயே வீணை. கயிலையைத் தூக்கப் போய் அடியில் நசுங்கி, தன் கை நரம்பையே தந்தியாக்கிச் சாம கானம் பாடித் தப்பித்தான் என்று கதை. அடக்கமான பெண் எங்கே?

9 ஜனவரி

நேற்றுச் சொன்னது போதாது. ஓர் ஆளைக் காட்டி வாயை அடைப்பது சுலபம். ஓசையை வைத்துக் குணம் சொல்வதே எனக்குப் பிடிபடவில்லை என்பதுதான் விஷயம். அதே நாதஸ்வரம் தாலி கட்டும்போது கெட்டிமேளத்தோடு வருகிறது, சுவாமி புறப்பாட்டில் மல்லாரியாக வருகிறது, பின்னிரவில் தோடி ஆலாபனையாக வந்தால் கேட்கிறவன் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். இதில் எது முன்கோபம்?

நீங்கள் ‘தில்லானா மோகனாம்பாள்’ கதையின் நாதஸ்வரக்காரர் சிக்கல் சண்முகசுந்தரத்தை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள். தெரிகிறது. கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர், கோபுலுவின் படங்களோடு. 1968இல் ஏ.பி. நாகராஜன் அதைப் படமாக எடுத்தபின் நம்மில் பலருக்கு அந்த ஆள் என்றால் சிவாஜிதான்.

அந்த மனிதரின் கோபத்தை நான் வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறேன். நாதஸ்வரத்தை உதட்டில் வைத்துவிட்டால் பேச முடியாது. சீவாளி, அதாவது ஊதுகிற நாணல் முனை, வாய்க்குள். துளைகள் ஏழுதான். நடுவிலுள்ள நுணுக்கமான சுரமெல்லாம் துளையை விரலால் பாதி மூடித் திறப்பதிலும், மூச்சை அழுத்தித் தளர்த்துவதிலும், உதட்டின் பிடியிலும் பிறக்கிறது. கொஞ்சம் கவனம் பிசகினால் சுருதி போய்விடும். அதாவது வாய், மூச்சு, விரல் மூன்றும் அடமானத்தில் இருக்கின்றன. இப்படி மணிக்கணக்காக வாயை அடைத்துக்கொண்டு உட்காரும் மனிதனுக்குச் சுற்றி நடப்பதெல்லாம் காதில் விழும், ஆனால் எதற்கும் பதில் சொல்ல முடியாது.

படத்தில் கோயில் கச்சேரி நடக்கும்போது வாணவேடிக்கை விடுகிறார்கள். அவர் வாசிப்பை நிறுத்துகிறார். கோபப்பட வேண்டுமானால் முதலில் சீவாளியை வாயிலிருந்து எடுத்தாக வேண்டும், இல்லையா? படம் முழுக்க இதைக் கவனியுங்கள். நாயனம் உதட்டில் இருக்கும் வரை தேவலோகத்து ஆள். எடுத்தாரா, யாரோடாவது தகராறு.

அதனால் என் கட்சி இது: வாத்தியத்தின் ஓசையை விடுங்கள். வாசிக்கும்போது அந்த ஆளின் வாய் காலியாக இருக்கிறதா, அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். பாதி ஆள் தெரிந்துவிடும்.

11 ஜனவரி

தவிலுக்கு வருகிறேன். அதே படத்தில் முத்துராக்குவாக வரும் டி.எஸ். பாலையா. வலக்கை விரல்களில் கூடு, இடக்கையில் குச்சி, இரண்டு கையும் ஓயாது. வாய் மட்டும் முழுசாகக் காலி. அதனால்தான் அந்த மனிதர் அவ்வளவு பேசுகிறார். சமாதானம் பேசுவது, குத்திக்காட்டுவது, தூது போவது, நடுவில் தலையை ஆட்டி ‘ஆகா’ போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. சண்முகசுந்தரத்துக்கு அடைபட்டிருக்கிற வாய் இவருக்குத் திறந்திருக்கிறது. ஒரே குழுவுக்குள் பேச்சை இப்படிப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சின்ன வயதில் நானும் தவில் கற்றுக்கொண்டு பாதியில் விட்டவன். முதலில் தோலைத் தொடவே விட மாட்டார்கள். சொற்கட்டை வாயால் சொல்லித் தாளம் போடு என்பார்கள். வாய்க்குப் பழகிய பிறகுதான் கைக்கு. வாத்தியத்தை விட்டபிறகும் அந்த வாய் எனக்கு அடங்கவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள்.

11 ஜனவரி, கொஞ்சம் கழித்து

நாரதர்! கையில் தந்தி வாத்தியம், ஒரு விரல் அசைந்தால் போதும், வாய் இருபத்து நான்கு மணி நேரமும் ஓய்வு. மூன்று உலகத்திலும் கலகம் வேறு யாரால் முடியும்? அவர் கையில் ஒரு நாயனத்தைக் கொடுத்திருந்தால் பாதிப் புராணம் நடந்திருக்காது.

14 ஜனவரி

பொங்கல் வேலைக்கு நடுவே இதை மட்டும் எழுதிவிட்டுப் போகிறேன்.

புல்லாங்குழல் என்றால் காதலன் என்றீர்கள். கண்ணனைத்தான் சொல்கிறீர்கள். குழல் ஊதும் கண்ணன் யாருக்கும் எதையும் விளக்குவதில்லை. ஏன் வந்தாய், ஏன் போனாய், நேற்று எங்கே இருந்தாய் என்று கோபியர் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பேச்சு முழுக்க அவர்கள் பக்கம். அவன் வாயில் குழல். இதைவிட வசதியான ஒளிவிடம் ஒரு காதலனுக்குக் கிடைக்குமா?

இப்போது குருக்ஷேத்திரத்துக்கு வாருங்கள். அதே ஆள் பதினெட்டு அத்தியாயம் பேசுகிறான். கையில் குழல் இல்லை, கடிவாளம். பேச வேண்டிய இடம் வந்ததும் கதை சத்தமில்லாமல் குழலை அப்புறப்படுத்திவிட்டது. சங்கு மட்டும் இருக்கிறது, அதையும் பேச்சு தொடங்கும் முன்பே ஊதி முடித்துவிட்டார்கள். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலில் மூலவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மீசை, கையில் சங்கு, சக்கரம்கூடக் கிடையாது. குழல் ஊதிய பையன் என்று சொன்னால் நம்ப முடியாது.

17 ஜனவரி

ஒருவர் நல்ல கேள்வி போட்டிருக்கிறார். 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் ஜெமினி கணேசன் நாதஸ்வரக்காரர், ஆனால் சாவித்திரியைப் பார்த்து நீளமாக, தேனொழுக வசனம் பேசுகிறாரே என்று. பேசுகிறார். பேசி முடித்துவிட்டுத்தான் எடுத்து ஊதுகிறார். அதன்பிறகு அவள் பாட, இவர் நாயனத்தில் பதில் சொல்ல, ஆபேரி ராகத்தில் அந்தப் பாட்டு. ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாயனமும் ஒன்றையொன்று துரத்தும். பாட்டு ஞாபகம் இருக்கும் அளவுக்கு வசனம் ஞாபகம் இருக்கிறதா? சரி, சிலருக்கு இருக்கிறது. அந்த வசனத்தை இன்னும் பேசிக் காட்டுகிறார்கள்.

இதைச் சொன்னதும் ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்துக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. கத்திக் காயம் பட்டு எழுந்த சண்முகசுந்தரம் மறுபடி வாசிக்கிறார். அவர் காதலிக்கும் நாட்டியக்காரி மோகனா சபை நடுவே ஆடிக்கொண்டே நலம் விசாரிக்கிறாள். அவளுக்குப் பின்னணியில் சுசீலாவின் குரல் இருக்கிறது, கண்ணதாசனின் சொல் இருக்கிறது. அவர் என்ன செய்வார்? வாயில் சீவாளி. நாயனத்தாலேயே பதில். இதே இருவரும் சீவாளி இல்லாமல் பேசிய இடங்களில் எத்தனை தடவை கோபித்துக்கொண்டார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ரயில் பெட்டிக் காட்சியிலும் பாருங்கள், நடுவில் மோகனாவின் அம்மா இருக்கிறாள், பேச வழியில்லை, கண்ணால்தான் எல்லாம். பேச முடியாத இடத்தில்தான் அந்தக் காதல் ஒழுங்காக நடக்கிறது.

அந்த நாயனத்தை உண்மையில் ஊதியவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜியின் கன்னமும் கழுத்து நரம்பும் புடைக்கும் விதத்தைப் பார்த்தால் மூச்சும் அவருடையதுதான் என்று சத்தியம் செய்யத் தோன்றும்.

20 ஜனவரி

இத்தனை நாளும் சினிமாவையே மேய்ந்துகொண்டிருந்தேன். இந்த விஷயத்தில் நம்மிடம் உள்ள பெரிய சொத்து சிலப்பதிகாரத்தின் கானல்வரி. புகார்க் காண்டத்தில் 7வது.

இந்திர விழா முடிந்து கோவலனும் மாதவியும் கடற்கரைக்கு வருகிறார்கள். வசந்தமாலை கையில் இருந்த யாழை மாதவி வாங்குகிறாள். சும்மா வாங்கி நீட்டிவிடவில்லை. நரம்பைத் தடவி, ஆராய்ந்து, எட்டு வகையாகச் சோதித்து, சுருதி சேர்த்து, பிறகுதான் கோவலனிடம் தருகிறாள். தொழில் தெரிந்தவள். சோதித்துப் பார்க்காத எதையும் அவள் கைமாற்றுவதில்லை. கோவலனோ வாங்கியதும் பாட ஆரம்பித்துவிடுகிறான். இந்த ஒரு இடத்திலேயே இரண்டு பேரும் யார் என்று இளங்கோ சொல்லியாயிற்று. அவன் பிறர் சேர்த்துக் கொடுத்த நரம்பை மீட்டுகிறவன். இனி வரும் காண்டங்களிலும் அப்படித்தான்.

அவன் என்ன பாடுகிறான்? சோழன் கங்கையைத் தழுவினாலும் கன்னியைத் தழுவினாலும் நீ ஊடமாட்டாய், வாழி காவேரி என்று. ஆற்றைப் பார்த்துப் பாடுகிறானாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு இது எப்படிக் கேட்கும்? ஊடாத பெண்ணே உயர்ந்தவள் என்று ஒருத்தியிடம் இன்னொருத்தியைப் புகழ்வதுபோல. இவன் மனதில் வேறு ஏதோ இருக்கிறது என்று மாதவி நினைக்கிறாள். முகத்தில் காட்டாமல், மகிழ்ந்தவள்போலவே யாழை வாங்கி, தனக்கும் வேறு குறிப்பு இருப்பதுபோலப் பாடுகிறாள். அவள் பாட்டிலும் அதே காவேரிதான். ஆனால் நீ இப்படி அழகாக நடப்பதெல்லாம் உன் கணவனின் செங்கோல் வளையாததால் என்று திருப்புகிறாள். என்ன பதில்! நீ நேராக இருந்தால் நானும் நேராக நடப்பேன் என்பதை இதைவிடப் பூப்போலச் சொல்ல முடியுமா?

கோவலனுக்கு அந்தப் பூ குத்திவிட்டது. நான் கானல்வரி பாட, இவள் வேறு ஒருவன்மேல் மனம் வைத்துப் பாடினாள் என்று கை நெகிழ்ந்து எழுந்து போய்விடுகிறான். அந்த இடத்தில் இளங்கோவின் வரி: ‘யாழிசைமேல் வைத்துத் தன் ஊழ்வினை வந்து உருத்தது’. பழி யாழிசைமேல்.

எனக்கு அதில் சின்ன ஆட்சேபம். யாழிசை என்ன செய்தது? நரம்புக்கு ஒரு குற்றமும் கிடையாது. யாழ் வாசிக்கும்போது வாய் காலி, அதனால் கூடவே சொல் வந்தது, சொல்லுக்கு இரண்டு பொருள் வந்தது. அன்றைக்கு வசந்தமாலை கையில் யாழுக்குப் பதில் குழல் இருந்திருந்தால் அவன் ஊதியிருப்பான், அவள் ஊதியிருப்பாள், இருட்டியதும் ஒன்றாக வீடு திரும்பியிருப்பார்கள். மதுரை எரிந்திருக்காது.

21 ஜனவரி

‘அப்படியானால் சிலப்பதிகாரமும் இருந்திருக்காதே?’ என்று ஒருவர். ஆமாம். எனக்கு மதுரையும் வேண்டும், சிலம்பும் வேண்டும்.

இன்னொருவர் அந்த யாழ் எப்படி இருந்திருக்கும் என்று கேட்கிறார். பேரியாழுக்கு 21 நரம்பு, சகோட யாழுக்கு 14, செங்கோட்டி யாழுக்கு 7 என்று மரபாகச் சொல்வார்கள். விபுலாநந்த அடிகள் பல வருட உழைப்பில் யாழ்நூல் எழுதி 1947இல் திருக்கொள்ளம்பூதூர் கோயிலில் அரங்கேற்றினார். நரம்பு நரம்பாகக் கணக்குப் போட்டிருக்கிறார். இசையும் கணக்கும் சேர்ந்து தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். நான் தனியாகப் படித்து நடுவில் மூச்சுவாங்கி உட்கார்ந்திருக்கிறேன்.

29 ஜனவரி

தம்பூராவை யாரும் கேட்கவில்லையே என்று பார்த்தேன். 1985 ‘சிந்து பைரவி’யில் பாடகர் ஜே.கே.பி.க்குப் பக்கத்தில் இரண்டு பேர். மிருதங்கம் குருமூர்த்தி (டெல்லி கணேஷ்), தம்பூரா கஜபதி (ஜனகராஜ்). குருமூர்த்தி குடித்துவிட்டு மேடைக்கு வர, மிருதங்கமே வேண்டாம் என்று ஜே.கே.பி. தனியாகப் பாடிவிடுகிறார். தாளக்காரன் தள்ளாடுகிறான், சரி, அது எல்லாருக்கும் தோன்றும் கணக்கு.

கஜபதிதான் அபாரம். சுருதி பிடிக்கிறவர், பொய் பேசுகிறவர். பாலசந்தர் வேண்டுமென்றே செய்திருக்க வேண்டும். தம்பூராவில் விரல் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறது, மூளைக்கு வேலை இல்லை, வாய்க்கும் வேலை இல்லை. கதை கட்டாமல் என்ன செய்வார்? பிறகு இனிப் பொய் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிறார். அந்த வாக்கினால் உண்மையை அடக்க முடியாமல் தவித்து, கடைசியில் ஜே.கே.பி.யின் மனைவி பைரவியிடம் அவருடைய இன்னொரு உறவை உடைத்துவிடுகிறார். சுருதி சேர்ந்ததும் வீடு இரண்டாகிறது. முதலில் சொன்ன நண்பரின் கணக்குப்படி தம்பூராக்காரர் என்றால் நேர்மையானவர், நிலையானவர் என்று எழுதி முடித்திருப்பார்கள்.

5 பிப்ரவரி

எல்லாம் அளவுக்கு மீறிப் பொருந்துகிறது. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பொருந்தாத ஓர் ஆளைத் தேடினேன். ஷெர்லாக் ஹோம்ஸ்.

1887இல் வந்த முதல் கதையிலேயே வாட்சன் சொல்கிறார்: சாயங்காலங்களில் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, வயலினை முழங்காலின் குறுக்கே போட்டுக்கொண்டு ஏனோதானோ என்று இழுத்துக்கொண்டிருப்பார் என்று. கவனியுங்கள், தாடைக்கடியில் வைக்கவில்லை. வாய் காலி. ஆனால் பேச்சே கிடையாது. என் கணக்குப்படி அந்த மனிதர் அந்த நேரத்தில் கொட்டித் தீர்க்க வேண்டும். தீர்க்கவில்லை. மனதில் ஓடுவது சிலசமயம் சோகமாக, சிலசமயம் குதூகலமாக வில்லில் வருகிறது, அவ்வளவுதான். அப்புறம் வாட்சன் பாவம் என்று அவருக்குப் பிடித்த மெட்டுகளை ஒழுங்காக வாசிப்பாராம்.

வயலினைப் பற்றி அவர் பேசும் இடம் வேறு, அது ஒரு சாப்பாட்டு மேசை. 1893இல் வந்த ஒரு கதையில், தன் ஸ்ட்ராடிவேரியஸை லண்டனின் டோட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் ஒரு தரகரிடம் 55 ஷில்லிங்குக்கு வாங்கியதையும், அது குறைந்தது 500 கினி பெறும் என்பதையும் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறார். ஒரு கினிக்கு 21 ஷில்லிங். கிட்டத்தட்ட 190 மடங்கு. விற்றவனுக்குத் தெரியாதது தனக்குத் தெரிந்தது என்ற அந்தக் குஷி இருக்கிறதே, அதுதான் முழு ஹோம்ஸ். துப்பறிவதும் பழைய கடையில் பேரம் பேசுவதும் அவருக்கு ஒரே வேலை. இங்கே குணத்தைச் சொல்வது ஓசையும் இல்லை, வாயும் இல்லை, வாங்கின விலை.

ஆக, வாய் காலியாக இருந்தால் ஆள் பேசுவான் என்று உத்தரவாதம் கிடையாது. அடைபட்டிருந்தால் பேச முடியாது என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

6 பிப்ரவரி

கிதாரைப் பற்றிக் கேட்டவருக்கு: 80களின் நாயகன் கையில் இருக்கும் எலெக்ட்ரிக் கிதாருக்கு ஒயர் எங்கே போகிறது என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள், பிறகு அவன் குணத்தைப் பேசலாம். மலை உச்சியில் நின்று வாசிக்கிறான். பிளக் பாயின்ட் அடிவாரத்தில் இருக்கும்போல.

‘மைக்’ மோகனைச் சேர்க்கலாமா என்று இன்னொருவர். மைக் வாத்தியமா? ஆனால் யோசித்தால் வேடிக்கைதான். பாடும்போது எஸ்.பி.பி. குரல், பேசும்போது எஸ்.என். சுரேந்தர் குரல். வாய் காலியா அடைப்பா என்ற கேள்வியே அங்கே எழவில்லை. வாயையே வாடகைக்கு விட்டிருக்கிறார்கள்.

12 பிப்ரவரி

அண்ணன் மகளின் பள்ளியில் ‘பீட்டரும் ஓநாயும்’ போட்டுக் காட்டினார்களாம், அதை ஏன் விட்டீர்கள் என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். புரோகோஃபியேவ் 1936இல் மாஸ்கோவில் குழந்தைகளுக்காக எழுதியது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வாத்தியம்: பறவைக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெட், தாத்தாவுக்கு பசூன், ஓநாய்க்கு மூன்று ஹார்ன், பீட்டருக்குத் தந்தி வாத்தியக் கூட்டம், துப்பாக்கிச் சத்தத்துக்கு முரசுகள்.

இங்கே முதல் கேள்வி கேட்டவர் கட்சிதான் ஜெயிக்கிறது, மறுக்கவில்லை. ஓசையை வைத்தே ஆள். தாத்தா முணுமுணுப்பதும் வாத்து தத்தித் தத்தி நடப்பதும் ஓசையிலேயே தெரிகிறது. வாத்தின் ஓபோவுக்கும் தாத்தாவின் பசூனுக்கும் நம் நாயனம்போல இரட்டை நாணல் சீவாளி. கதை முடிவில் ஓநாய் வயிற்றுக்குள்ளிருந்து வாத்தின் ஓபோ கேட்கும். உயிரோடு விழுங்கிவிட்டதாம். குழந்தைகள் இதைக் கேட்டுச் சிரிக்கின்றன என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆனால் ஒன்று. இதில் வாத்தியங்கள் பேசுவதில்லை. பேசுவதற்கென்று கதைசொல்லி ஒருவர் தனியாக நிற்கிறார். பறவை, வாத்து, பூனை, தாத்தா, ஓநாய் எல்லாம் ஊதுகிற வாத்தியம். யாராவது ஒருவர் காலி வாயோடு நிற்க வேண்டாமா?

26 பிப்ரவரி

கண்ணகியை விட்டுவிட்டேன் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். விடவில்லை, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வைத்திருந்தேன்.

மாதவிக்கு யாழ், அரங்கேற்றம், பதினொரு ஆடல். கண்ணகிக்கு ஒரு வாத்தியமும் கிடையாது. அப்படித்தான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒருமுறை அந்திமாலைச் சிறப்புச் செய் காதையில் ‘அஞ்செஞ் சீறடி அணிசிலம்பு ஒழிய’ என்ற இடத்தில் நின்றேன். கோவலன் போன வீட்டில் அவள் காலில் சிலம்பு இல்லை. சிலம்பு என்பது உள்ளே பரல் போட்டு மூடிய, நடந்தால் ஒலிக்கும் பொருள். அவளுக்கும் ஒரு வாத்தியம் இருந்திருக்கிறது, அவன் போனதும் அதைக் கழற்றி வைத்துவிட்டாள். அந்த வீட்டில் அவள் நடப்பது யாருக்கும் கேட்டிருக்காது. கேட்க ஆளும் இல்லை.

அவள் வாய் என்றைக்கும் காலிதான். ஆனாலும் அதிகம் பேசுவதில்லை. கோவலன் திரும்பி வந்து வெட்கப்பட்டு நிற்கும்போது அவள் சொல்வது ‘சிலம்பு உள கொண்ம்’. ஒரு குற்றச்சாட்டு இல்லை, ஒரு அழுகை இல்லை. எடுத்துக்கொள். இதைப் பொறுமை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு இப்போது அப்படிப் படவில்லை. தன் ஒலியை எடுத்துக் கொடுக்கிறாள்.

மதுரையில் வாயிற்காவலன் மன்னனிடம் ஓடிப்போய்ச் சொல்லும்போது அவள் அடையாளம் ‘இணை அரிச் சிலம்பு ஒன்று ஏந்திய கையள்’. காலில் இருந்தது கைக்கு வந்துவிட்டது. கைக்கு வந்ததும் வாய் திறக்கிறது. ‘தேரா மன்னா’ என்றுதான் தொடக்கமே. எடுத்த எடுப்பில் ராஜாவை விசாரிக்கத் தெரியாதவனே என்கிறாள். காலில் சிலம்பு, வாயில் மௌனம். கையில் சிலம்பு, வாயில் நெருப்பு. ஹோம்ஸிடம் தடுமாறிய என் கணக்கு இங்கே தலைகீழாகப் புரண்டுவிட்டது. இவள் வாயை எந்த வாத்தியமும் அடைக்கவில்லை, ஒரு வாத்தியம் திறந்துவிட்டது.

அப்புறம் வழக்கே பரலில்தான் தீர்கிறது. தேவியின் சிலம்பில் முத்து, இவள் சிலம்பில் மாணிக்கம். உடைத்ததும் தெறிக்கிறது. எனக்கு ஒரு அற்ப ஆதங்கம் உண்டு: முத்தும் மாணிக்கமும் உலோகத்துக்குள் ஒரே மாதிரியா ஒலிக்கும்? கோவலனை வெட்டச் சொல்லும் முன் அந்த அவையில் காதுள்ள ஒருத்தர் சிலம்பை ஒரு தடவை ஆட்டிப் பார்த்திருக்கலாம்.

27 பிப்ரவரி

‘தேவியின் இன்னொரு சிலம்பும் பக்கத்தில் இருந்தால்தானே ஒப்பிட முடியும்’ என்கிறார் ஒருவர். திருடு போனது ஒற்றைச் சிலம்பு. மற்றொன்று அந்தப்புரத்தில் இருந்திருக்கும், எடுத்து வரச் சொல்லியிருக்கலாம். ராஜா அவசரத்தில் இருந்தார்.

5 மார்ச்

இவ்வளவு பேசியும் ஒத்து வாசிப்பவரைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. வராது. கதையிலும் அவர் வருவதில்லை.

என் தாய்மாமா ஒத்துக்காரர். தெரியாதவர்களுக்கு: நாதஸ்வரம் மாதிரியே இருக்கும், விரல் வைத்து வாசிக்கத் துளை இருக்காது. ஒரே சுரம், சுருதி, அதை அறுந்துபோகாமல் பிடிக்க வேண்டும். கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதை விட்டுக்கொண்டே மூக்கால் மூச்சிழுக்க வேண்டும். நாயனக்காரர் நடுவில் நிறுத்தி வெற்றிலை போடலாம், தவில்காரர் வேட்டியைச் சரிசெய்யலாம், ஒத்து நிற்கக் கூடாது. தம்பூரா கஜபதிக்காவது வாய் இருந்தது. மாமாவுக்கு வாயும் அடைப்பு, விரலுக்கும் வேலை கிடையாது. பிறகு சுருதிப் பெட்டி வந்தது, அப்புறம் கரண்டில் ஓடும் பெட்டி வந்தது, செட்டில் ஓர் ஆள் குறைந்தால் ஒரு பங்கு மிச்சம் என்று கணக்குப் பார்த்தார்கள். மாமா அரிசி மண்டியில் கணக்கெழுதப் போனார். அங்கேயும் பேச மாட்டார். ஆனால் யாராவது சுருதி விலகிப் பாடினால் கண் மட்டும் சுருங்கும். எதிரில் உட்கார்ந்து பாடிக் காட்டவே பயமாக இருக்கும்.

அவரை வைத்து ஒரு கதை எழுதப் பார்த்தேன். நகரவில்லை. வாயும் கையும் கட்டப்பட்ட ஆளை வைத்து என்ன சம்பவம் எழுதுவது? அவர் ஒருநாள் ஊதுவதை நிறுத்திவிட்டார் என்று வைத்தால்தான் கதை. அவரோ ஒருநாளும் நிறுத்தியவர் இல்லை.

5 மார்ச், இரவு

‘வாட்சன்தான் ஹோம்ஸுக்கு ஒத்து’ என்று எழுதியவருக்கு: ஒத்துக்காரர் நாயனக்காரரைப் பற்றிப் புத்தகம் எழுதிக் காசு பார்த்ததாக எங்கள் பக்கம் கேள்விப்பட்டதில்லை. என் பேச்சுக்கு யாரும் ஒத்து ஊதவும் வேண்டாம், மறுத்து எழுதுங்கள்.

19 மார்ச்

மோர்சிங்கை எந்தக் கட்சியில் சேர்ப்பது என்று கடைசியாக வந்திருக்கிறது கேள்வி. பல்லில் வைத்து, விரலால் தட்டி, வாய்க்குழியையே குடமாக்கி வாசிக்கிற வாத்தியம். வாய் காலியும் இல்லை, அடைப்பும் இல்லை. வாய்தான் வாத்தியத்தின் பாதி. மோர்சிங் வாசிக்கும் ஆளைப் பெரிய பாத்திரமாக வைத்து யாரும் எழுதி நான் படித்ததில்லை. எழுதுகிறவர்கள் எழுதலாம். அந்த ஆளைப் பல் வைத்தியராக மட்டும் ஆக்கிவிடாதீர்கள், அந்த யோசனையை நான் எனக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.